தலைக்கு ஒரு குடம்

யூன் 14, சனி

இன்று முதல் எல்லாவற்றையும் எழுதி வைக்கப் போகிறேன். காலையில் சொன்னதை மத்தியானம் சொல்லவேயில்லை என்று சத்தியம் பண்ணுகிற சனத்தோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. எழுத்தில் இருந்தால் எடுத்துக் காட்டலாம்.

நேற்றோடு அந்தோனியார் திருநாள் முடிந்தது. வழக்கப்படி இன்று விடியக் கிணற்றடியில் பட்டியல் வாசித்தேன். தாழந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. மற்றக் கிணறெல்லாம் உப்புச் சவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. இந்த நல்ல கிணற்றிலும் நல்ல தண்ணீர் மேலே கொஞ்சம்தான் நிற்கிறது. அதற்குக் கீழே கடல். அளந்து அள்ளினால் மாரி மழைவரை தாங்கும். கண்டபாட்டுக்கு அள்ளினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அதனால்தான் அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள் தொடக்கம் மழை விழும்வரை தலைக்கு ஒரு குடம். அதுவும் இரவு தீவில் படுத்தெழும்புகிற தலைக்கு மட்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கள் தண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் கொண்டு வர வேண்டும். ஆயர் வந்தபோதும் கொண்டுதான் வந்தார்.

பட்டியல் என் கைக்கு வந்து ஆறு வருடம். ஒரு பெயரைக் கூட்டினாலும் வெட்டினாலும் கிணற்றடியில் எல்லார் முன்னாலும் முழுப்பட்டியலையும் சத்தமாக வாசிக்க வேண்டும். போன வருடம் எண்பத்தெட்டுப் பேர். இன்று வாசித்தது அறுபத்திரண்டு. வெட்டிய ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சண்டை. கட்டாரில் நிற்கிற மகனுக்கு இங்கே ஒரு குடம் கேட்கிறார்கள்! பறுனாந்து அண்ணை, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், தன் வீட்டில் ஏழு பேர் என்று ஒற்றைக்காலில் நின்றார். இருப்பது மூன்று பேர். மிச்ச நாலு பேரும் வவுனியாவில் வீடு கட்டிப் போய்விட்டார்கள். அந்த வீட்டின் ஆசீர்வாதத்துக்கு நானே போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

"உயிரோட இருக்கிற பிள்ளையளை வெட்டிப் போடுறியே மெற்றில்டா, உனக்கு மனம் வருதோ?"

"பேரைத்தான் வெட்டுறன் அண்ணை. பிள்ளையளை இல்லை."

எங்கள் வீடு இரண்டு. செபமாலை, மெற்றில்டா.

யூன் 15, ஞாயிறு

அந்தாளுக்கு, என் மனுசன் செபமாலைக்கு, அழைத்தேன். கண்ணுக்கு இன்னும் சொட்டு மருந்து விடுகிறார்களாம். கண்ணில் படர்ந்ததை எடுக்க ஒரு கிழமை என்று தை மாதம் யாழ்ப்பாணத்துக்கு மகள் அனற்றின் வீட்டுக்குப் போன மனிதர். இது யூன். புதுக்கண் செய்து பூட்டுகிறார்களோ தெரியவில்லை. வருகிற சனி வருவாராம்.

யூன் 21, சனி

வரவில்லை. வெயிலாம்.

இன்று சங்கக் கொட்டிலில் வலையிலிருந்து பதினெட்டுக் கிலோ நண்டு கழற்றினேன். இரண்டு விரலில் வெட்டு.

யூன் 24, செவ்வாய்

பிலோமினா மூன்று தலைக்கு நாலு குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தாளின் தங்கை, என் மச்சாள், ஆண்டவர் எனக்கென்று தேர்ந்தெடுத்துத் தந்த சிலுவை. மருமகள் பிள்ளைத்தாச்சி, வயிற்றுக்குள் இருப்பதும் ஒரு தலைதானாம்.

"உள்ளுக்கு இருக்கிறதும் குடிக்குதெல்லோ மச்சாள்?"

"பிறக்கட்டும். பிறந்து இஞ்ச வந்து படுக்கட்டும். அப்ப எழுதுறன்."

"இவ்வளவு சட்டம் கதைக்கிறியள். எங்கட அண்ணை எங்க நிண்டு தண்ணி குடிக்கிறார்?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வைத்தியத்துக்குப் போன வருத்தக்காரரின் பெயரை வெட்டுகிறதில்லை என்று சொன்னேன். அப்படி ஒரு விதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய நாலாவது குடத்தை நானே எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். வாய் காதுவரை இருக்கிறது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து அந்தாளின் குடத்தில் இருந்த நேற்றைத் தண்ணீரை ஆட்டுக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி வைத்தேன். திடீரென்று வந்து இறங்கினால் பழைய தண்ணீரையா கொடுப்பது?

யூலை 2, புதன்

பிரதேச செயலகத்திலிருந்து கடிதம். தீவில் நிரந்தரமாக வசிப்பவர்களை யூலை இறுதியில் வந்து எண்ணப் போகிறார்களாம். போதிய ஆட்கள் இல்லாவிட்டால் தினசரிப் படகு கிழமைக்கு இரண்டு நாள் படகாகிவிடும்.

இதை இரண்டு தரம் படித்தேன். இங்கே எல்லாரும் பிழைப்பது நண்டில். விடியக் கழற்றிய நண்டு ஏழரைப் படகில் ஏறி அக்கரையில் ஐஸ் லொறிக்குப் போனால்தான் நண்டு. மறுநாளைக்கு அது நாற்றம். கிழமைக்கு இரண்டு படகென்றால் மற்ற ஐந்து நாளும் வலை வீட்டில்தான் கிடக்கும். வலை வீட்டில் கிடந்தால் இருக்கிறவர்களும் போய்விடுவார்கள். அதுவுமல்லாமல் வருகிறவர்கள் வருவதற்கும் படகு வேண்டும். யார் யாரோ வருவார்கள்தானே.

போதிய ஆட்கள் என்றால் எத்தனை பேர் என்று கடிதத்தில் இல்லை. கூட்டத்தில் பறுனாந்து அண்ணை நூறு என்றார்.

"நூறெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அரசாங்கம் வேற என்ன எண்ணை வைக்கும்? நூறாத்தான் இருக்கும்."

போன் எடுத்துக் கேளுங்கள் என்றேன். கேட்டால் எங்களிடம் ஆள் குறைவு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். சங்கத்துக் கடிதம் எல்லாவற்றிலும் வருடக்கணக்காக நூற்று நாற்பது என்று எழுதி வைத்திருக்கிறார், அந்தப் பயம். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அதற்கு மேல் கத்தவில்லை. எனக்குத் தொண்டை ஒன்றுதான் இருக்கிறது.

யூலை 6, ஞாயிறு

அந்தாள் தானாகவே அழைத்தார். "படகு நிண்டா நான் என்னெண்டு வாறது?" என்று கேட்டார். படகு நிற்கவில்லை, இன்றைக்கும் ஓடியது, பாதி இருக்கை காலி என்றேன். சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

யூலை 13, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே கூட்டம். பறுனாந்து அண்ணை ஒரு திட்டம் வைத்திருக்கிறார். வருகிற 26 அன்னம்மாள் திருவிழா. எப்படியும் ஊரை விட்டுப் போனவர்கள் வருவார்கள். வருகிறவர்களைத் திருவிழா முடிந்ததும் விடாமல் கணக்கெடுப்பு முடியும்வரை வைத்திருப்பது. 28ஆம் திகதி திங்கள் வருவதாக எண்ண வருகிற உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறாராம். இரண்டு நாள்தானே என்கிறார்.

"தண்ணிக்கு என்ன செய்வியள்?" என்று கேட்டேன். "அவையள் கான் கொண்டு வந்தாலும் ஒரு நாளைக்குத்தான் காணும்."

"கானோ? கானைத் தூக்கிக்கொண்டு படகால இறங்கினா விருந்தாளி எண்டு அந்த மிஸ்ஸுக்குத் தெரிஞ்சு போகுமெல்லோ. ஒருத்தரும் கான் கொண்டு வரக்கூடாது எண்டு சொல்லிப் போட்டன்."

சொல்லிவிட்டாராம்! ஒரு தீவு முழுக்க, கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த இத்தனை தலையும் அதற்கு ஓமென்று சொன்னது. ஆள் இருப்பதாகக் காட்ட ஆளைக் கொண்டுவந்து, இருக்கிற தண்ணீரையும் குடித்து முடிக்கிற யோசனை உலகத்தில் வேறெங்காவது வருமா? நான் எழும்பி வந்துவிட்டேன். வரும்போது பிலோமினா, "மச்சாள், அனற்றும் பிள்ளையளும் வருவினம்தானே?" என்றாள். அதற்கென்ன, திருவிழாவுக்கு மகள் வரத்தான் செய்வாள்.

யூலை 20, ஞாயிறு

பிலோமினாவின் மருமகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. இனித் தீவில் இருக்கக்கூடாது என்று மருத்துவமாது சொன்னதால் அக்கரைக்கு ஏற்றி அனுப்பினோம். இந்தத் தீவில் பிள்ளை வரப்போகிறது என்றாலே முதலில் ஒரு தலை குறைகிறது. வாசித்தேன்: அறுபத்தொன்று.

யூலை 26, சனி

திருவிழா. படகு நாலு தரம் ஓடியது. நாற்பத்தேழு பேர் இறங்கினார்கள், ஒருவர் கையிலும் கான் இல்லை.

அனற்றும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அந்தாள் வரவில்லை. சன நெரிசலில் கண்ணில் தூசி விழுமாம். தேரே கிடையாத கோயிலில் என்ன நெரிசல்? சொரூபத்தைத் தூக்கிச் சுற்றி வர எட்டு ஆண்கள் இல்லாமல் இரண்டு பேரைக் கடற்கரையிலிருந்து கூப்பிட்டு வந்தோம்.

யூலை 27, ஞாயிறு

சனம் சவர்க் கிணற்றில் குளிக்க மறுக்கிறது. தோல் கடிக்கிறதாம், தலைமயிர் ஒட்டுகிறதாம். இவர்களெல்லாம் அந்தச் சவரில் குளித்து வளர்ந்தவர்கள்தான். ஐந்து வருடம் குழாய்த் தண்ணீரில் நின்றதும் தோல் வேறு தோலாகிவிட்டது. கிணற்றடியில் நின்று கத்திக் கத்தி என் குரல் போய்விட்டது. பூசைக்குப் போய் வந்து பார்த்தால் வாளிக் கயிறு ஈரம்.

சின்னப் பேத்திக்கு உண்மையிலேயே உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அவளுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பொரிக்கும்போது அனற், "அம்மா, அப்பா ஒண்டு சொல்லச் சொன்னவர்" என்று தொடங்கினாள். எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்தது. பிறகு சொல் என்றேன். பிறகு பிள்ளைகள் நித்திரைக்கு அழுதார்கள்.

யூலை 28, திங்கள்

உத்தியோகத்தர் வரவில்லை. வியாழன் வருவாராம். நாற்பத்தேழு பேரையும் வியாழன்வரை வைத்திருக்கச் சொல்லிப் பறுனாந்து அண்ணை வீடு வீடாகத் திரிகிறார். அனற்றுக்கு வேலை, பிள்ளைகளோடு போய்விட்டாள். படகில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். படகுக்காரன் கூப்பிட்டும் விடவில்லை. அவள் சின்ன வயதிலும் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் கண் கலங்கும்.

யூலை 30, புதன்

காலமைத் தேநீரில் ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேனா என்று போத்தலைப் பார்த்தேன். பிறகு பிலோமினா தன் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். நீட்டினாள், குடித்துப் பார்த்தேன். அதே சவர்.

கிணறு போய்விட்டது.

தன் தகப்பன் காலத்திலும் இப்படி ஆனதில்லை என்று சொல்லிக்கொண்டு பறுனாந்து அண்ணை கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தார். வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். உத்தியோகத்தர் நாளைக்கும் வரமாட்டாராம், அடுத்த புதன்தானாம்.

யூலை 31, வியாழன்

விருந்தாளிகள் அத்தனை பேரும் காலைப் படகில் போய்விட்டார்கள். இடம் போதாமல் சிலர் நின்றுகொண்டு போனார்கள்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

பாடசாலை விடுமுறை, தண்ணீர் நல்லாகும்வரை பிள்ளைகளோடு அக்கரையில் இருந்துவிட்டு வருகிறோம் என்று யூட் வீட்டார் ஐந்து பேரும் போய்விட்டார்கள். கோயிலடி வீட்டில் நாலு பேர். பறுனாந்து அண்ணையின் மனைவியும் மாமியாரும்கூடப் போனார்கள், தலைவர் தனியே நின்று கையசைத்தார். கூட்டிக் கழித்தால் பட்டியலில் ஐம்பது.

இனித் தலைக்கு அரைக் குடம் என்று அறிவித்தேன். கிணற்றை எவ்வளவு ஓயவிடுகிறோமோ அவ்வளவுக்கு உப்பு கீழே இறங்கும். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லாருக்கும் குற்ற உணர்ச்சி.

எல்லாவற்றையும் எழுதி வைப்பேன் என்று தொடங்கினேன், ஆகவே இதையும் எழுதுகிறேன். பேத்திக்கென்று நானும் அள்ளினேன். ஒரு வாளி என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒன்றல்ல. பெரியவளுக்கும் சேர்த்து, இரண்டு நாளும், ஏழு வாளி.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் ஒரு மணிக்கு உத்தியோகத்தர் என் போனுக்கு அழைத்தார். பறுனாந்து அண்ணை பயத்தில் தன் போனை நிறுத்தி வைத்திருக்கிறார். கஜவதனி என்று பெயர் சொன்னார், குரல் சின்னப் பெண்ணின் குரல்.

"நாளைக்குக் காலமைப் படகில வாறன் அம்மா. ஆக்கள் இருப்பினம்தானே?"

"எத்தனை பேர் இருக்க வேணும் பிள்ளை?"

"ஐம்பது அம்மா. ஐம்பது பேர் இருந்தாப் போதும்."

ஐம்பது! யூன் மாதம் அறுபத்திரண்டு பேர் இருந்தோம். ஒரு குடம் குறையாமல், ஒரு பொய் சொல்லாமல், அப்படியே காலை நீட்டிக்கொண்டு இருந்திருந்தால் படகு எங்களுடையது. ஒரு போன் எடுத்துக் கேட்க ஆளில்லாமல் நாற்பத்தேழு பேரைக் கொண்டுவந்து கிணற்றையும் கெடுத்து, இருந்தவர்களையும் துரத்திவிட்டோம். போனைக் காதில் வைத்தபடியே தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை, "அம்மா, அம்மா, என்ன சத்தம்?" என்று கேட்டது.

"ஒண்டுமில்லை பிள்ளை. பட்டியல்ல ஐம்பது பேர் சரியா இருக்கு."

"பட்டியல் மட்டும் காணாது அம்மா. இண்டைக்கு ராத்திரி அங்க படுக்கிற ஆக்களை நேரில பாத்துத்தான் எழுதுவன்."

பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே எண்ணினேன், கீழிருந்து மேலே எண்ணினேன். ஐம்பது. பதினேழாவது பெயர் செபமாலை.

பறுனாந்து அண்ணையை இழுத்து வந்து யூட்டுக்குப் போன் எடுக்க வைத்தேன். தண்ணீர் நல்லாகட்டும் என்றான். கோயிலடி வீட்டார் எடுக்கவே இல்லை. அண்ணையின் மனைவி எடுத்தார், அவர் பேசியது எனக்கே கேட்டது, இங்கே எழுத முடியாது. நாலு மணிக்கு அக்கரையிலிருந்து கடைசிப் படகு. அண்ணை என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் போய் அந்தாளுக்கு அழைத்தேன்.

"கண் எப்பிடி?" என்று கேட்டேன்.

"சுகம்."

"எப்பயிருந்து?"

"பங்குனியில இருந்து" என்றார்.

இத்தனை மாதமும் நான் சொட்டு மருந்தைக் கேட்டேன், வெயிலைக் கேட்டேன், தூசியைக் கேட்டேன். இப்படி நேரே கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனிதர் சொல்லியிருப்பார், பொய் சொல்ல வராது அவருக்கு. அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

"அப்ப நாலு மணிப் படகைப் பிடியுங்கோ. ஒரு தலை குறையுது. இல்லாட்டிப் படகு போகும்."

"ஒரு ராத்திரி எண்டா வாறன் மெற்றி."

ஐந்து மணிக்கு வந்து இறங்கினார். தோளில் சின்னப் பை. இரண்டு கையிலும் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான். இறங்குதுறையில் நின்ற எல்லாரும் கானைத்தான் பார்த்தார்கள், பிலோமினா கடலைப் பார்த்தாள். நாற்பது வருடம் இங்கே வள்ளம் ஓட்டிய மனிதர் சொந்த வீட்டுக்குத் தண்ணீரோடு வருகிறார். கிணறு பழுதாம், அதனால் கொண்டு வந்தாராம். சரி, நியாயம்தான். நியாயமாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்துகொண்டு துவாய் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது இருபது வருடமாக ஒரே ஆணியில் தொங்குகிறது. நண்டுக் குழம்பு நல்லாயிருக்கிறது என்றார். என் சமையலை ஒரு நாளும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னவரில்லை. அவருடைய தண்ணீரில் தேநீர் ஊற்றிக் குடித்தோம். ஆறு நாளைக்குப் பிறகு உப்பில்லாத தேநீர். இரண்டு கோப்பை குடித்தேன், கோபத்தோடுதான் குடித்தேன்.

ஓகஸ்ட் 6, புதன்

மிஸ் குடையோடும் ஒரு மட்டையில் செருகிய கடதாசிகளோடும் வந்தார். வீடு வீடாகக் கூட்டிப் போனேன். ஒவ்வொருவரையும் பார்த்து, பெயர் கேட்டு, அடையாள அட்டை பார்த்து எழுதினார். பிலோமினாவின் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அந்தப் பிள்ளை பட்ட பாடு! விழுங்கினார். நல்ல வளர்ப்பு.

எங்கள் வீடு கடைசி.

"செபமாலை?"

"ஓம் மிஸ். இருக்கிறன்."

ஐம்பது. எழுதிக் கீழே கோடிட்டுக் கையெழுத்து வைத்தார். படகு தொடர்ந்து ஓடும், கிணற்றைப் பற்றியும் எழுதுகிறேன், மழைவரை கிழமைக்கு இரண்டு தரம் குடிதண்ணீர் அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன் என்றார். பறுனாந்து அண்ணை அழுதுவிட்டார். பிறகு உடனே தன் திட்டம் எப்படியோ பலித்துவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணையைத் தூக்கிக் கடலில் போடலாம்.

மிஸ் பின்னேரப் படகில் திரும்புகிறார். நீங்கள் நாளைக் காலைப் படகில் போங்கள், ஒரே படகில் ஏறினால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்று இவரிடம் சொன்னேன். நாளைக் காலை பேத்தியைப் பாட்டு வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பாட்டு வகுப்பு! இன்னும் ஒரு இரவு இருக்க முடியாது.

இறங்குதுறைவரை கூடப் போனேன். பை அவர் கையில், வெறும் கான்கள் என் கையில்.

"கோவமோ?" என்று கேட்டார்.

"எனக்கு எப்ப கோவம் இல்லாம இருந்தது?"

"நாப்பது வருசம் அளந்து அளந்து குடிச்சிட்டன் மெற்றி. அங்க குழாயைத் திறந்துபோட்டு ஓடுறதைப் பாத்துக்கொண்டு நிப்பன். அனற் பேசுவாள். எனக்கு அது விருப்பமாக் கிடக்கு. இனி இஞ்ச வந்து இருக்க என்னால ஏலாது." பிறகு, "நீரும் வாருமன்" என்றார்.

"கிணத்தை ஆர் பாக்கிறது?"

"வேற ஆரும் பாப்பினம்."

"ஆர்? பறுனாந்து அண்ணையோ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. முப்பத்தாறு வருடம் ஒரே ஆளோடு வாழ்ந்தால் சிரிக்கக்கூடாத இடத்திலும் சிரிப்பு வந்து தொலைக்கிறது. கான்களைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படகின் பின் மூலையில் போய் உட்கார்ந்தார்.

மிஸ் ஏறும்போது அவருடைய பையைப் பார்த்தார், கான்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த மட்டை அவர் கையில்தான் இருக்கிறது, ஒரு கோடு போதும்.

"படகெண்டா வாறதுக்கும் போறதுக்கும்தானே அம்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தார்.

படகு வளைந்து திரும்பும்வரை நின்றேன். இனி அது ஒவ்வொரு நாளும் வரும். ஒவ்வொரு நாளும் இரண்டு தரம்.

ஓகஸ்ட் 7, வியாழன்

விடியப் பட்டியல் வாசித்தேன். நாற்பத்தொன்பது. எங்கள் வீட்டுக்கு வந்ததும், மெற்றில்டா, ஒன்று, என்று வாசித்தேன். பிலோமினா நேரே முன்னால் குடத்தோடு நின்றாள். ஏதாவது குத்திச் சொல்வாள், நானும் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் நிறுத்தினேன். அவள் வாயே திறக்கவில்லை. இத்தனை வருடம் கிணற்றடியில் அந்த வாயோடு பட்ட பாட்டுக்கு, இன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டு நிற்கிறாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.